ஒண்ணுவிட்ட மண்டோரும் பதினோரு ராமசாமிகளும்

நியாயமாக நடந்துகொண்டே ஒரு தோட்டம் முழுவதின் வயிற்றெரிச்சலையும் கொட்டிக்கொண்ட மனிதர் இந்த நாட்டில் ஒருவர்தான் இருந்திருக்க முடியும். அவர் எங்கள் ஒண்ணுவிட்ட மண்டோர். அநியாயக்காரர்களை நான் நிறையப் பார்த்துவிட்டேன். அவர்களிடம் கெஞ்சலாம், கூழைக்கும்பிடு போடலாம், எப்படியோ காலம் தள்ளிவிடலாம். நியாயக்காரரிடம் மாட்டிக்கொண்டால் தப்பிக்க வழியே கிடையாது.

பெயரைக் கேட்டதும் அவர் யாரோ ஒரு பெரிய மண்டோருக்குச் சித்தப்பா வழியில் ஒன்றுவிட்ட தம்பி என்று நினைத்துவிடாதீர்கள். மலாக்கா பக்கத்துப் புலாவ் செபாங் ரயில் ஸ்டேஷனில் இறங்கிப் புதிதாக எங்கள் தோட்டத்துக்கு வந்தவர்கள் எல்லாரும் அப்படித்தான் நினைத்தார்கள். "அண்ணே, நீங்க எந்த மண்டோருக்கு ஒண்ணுவிட்ட..." என்று அவரிடமே கேட்டு நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டார்கள். விஷயம் வேறு. ரப்பர் மரத்தை இன்றைக்கு வெட்டிப் பால் எடுத்தால் நாளைக்குச் சும்மா விட்டுவிட வேண்டும். ஒருநாள் விட்டு ஒருநாள் வெட்டு. தினமும் வெட்டினால் மரம் பட்டுப்போகும். வெட்டுக்காரர்களை மேய்க்கும் மற்ற மண்டோர்கள் இந்தச் சட்டத்தை மரத்தோடு நிறுத்திக்கொண்டார்கள். இவர் மட்டும் அதைத் தன் வாழ்க்கை முழுவதற்கும் இழுத்துவிட்டுக்கொண்டார்.

ஒருநாள் விட்டு ஒருநாள்தான் சவரம் செய்துகொள்வார். ஒருநாள் விட்டு ஒருநாள்தான் மீன் சாப்பிடுவார். மனைவியோடு சண்டை போடுவதும் அப்படித்தான். அந்த அம்மாள் கெட்டிக்காரி. கணவர் சண்டை போடாத நாளாகப் பார்த்துத் தன் பங்குச் சண்டையை முழுசாகப் போட்டு முடித்துவிடுவார். அவர் கையைக் கட்டிக்கொண்டு வாசலில் நின்றபடி, "நாளைக்கு வச்சுக்கிறேன்டி" என்பதோடு சரி.

துரைக்கு சலாம் வைப்பதிலும் இதே கணக்கு. விடியற்காலைப் பெரட்டில் ஆள் கணக்கெடுக்க எல்லாரும் வரிசையாக நிற்கும்போது ஒருநாள் நெற்றி தேயும்படி சலாம் வைப்பார். மறுநாள் மரத்தைப் பார்ப்பதுபோல் துரையைப் பார்ப்பார். எங்கள் துரைக்குத் தமிழர்கள் எல்லாரும் ஒரே முகம். ஆண் என்றால் 'ராமசாமி', பெண் என்றால் 'மீனாச்சி'. அந்த இரண்டு பெயர்களை வைத்துக்கொண்டே ஒரு தோட்டத்தை ஆண்டார். அதனால் மரியாதை உள்ள மண்டோர் ஒருவர், திமிர் பிடித்த மண்டோர் ஒருவர் என்று இரண்டு ஆட்கள் இருப்பதாக அவர் வெகுநாள் நினைத்துக்கொண்டிருந்தார். மரியாதைக்காரனுக்குச் சம்பளம் கூட்டு, திமிர்க்காரனை வேலையைவிட்டு நிறுத்து என்று ஆபீஸ் கணக்கைப் பார்க்கும் பெரிய கிராணிக்கு உத்தரவும் போட்டுவிட்டார். பெரிய கிராணி என்ன செய்வார் பாவம். ஒரே ஆளை நிறுத்திவிட்டுச் சம்பளத்தைக் கூட்டுவது எப்படி என்று ஆபீஸில் உட்கார்ந்து விழித்தார். கடைசியில் இரண்டையும் செய்யாமல் விட்டார்.

இதெல்லாம் வெள்ளைக்காரன் போட்ட அவசரகாலத்தில் நடந்தது. கம்யூனிஸ்டுகள் காட்டுக்குள், நாங்கள் முள்கம்பிக்குள். நாங்கள் குடியிருந்த லயத்தைச் சுற்றி வேலி. வேலிக்கு ஒரே கேட். கேட்டில் துப்பாக்கி பிடித்த போலீஸ் மாத்தாக்கள். வெட்டுக்குப் போகிறவன் ஒரு பிடி சோறு கொண்டுபோனாலும் காட்டுக்காரனுக்குச் சோறு போடுகிறான் என்று பிடித்துக்கொள்வார்கள். பொழுது சாய்ந்தால் ஊரடங்கு. ஊரே மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்த அந்த நேரத்தில், விசாரணைக்கு வந்த போலீஸ் இன்ஸ்பெக்டரிடம் ஒண்ணுவிட்ட மண்டோர் யோசனை சொன்னார்.

"ஐயா, ஊரடங்க ஒருநாள் விட்டு ஒருநாள் போட்டா என்னாங்க? அவனுங்களும் ஒருநாள் வெளியே வந்துட்டுப் போவட்டும். நீங்களும் ஒருநாள் வீட்டுல படுத்துத் தூங்கலாம்லா."

இன்ஸ்பெக்டருக்குத் தமிழ் தெரியாது. மொழிபெயர்க்க வேண்டியவர் பெரிய கிராணி. அவர் வியர்த்துப்போய், "வெரி ஹாட் வெதர் என்கிறான் சார்" என்று சொல்லி அந்த மனிதரைக் காப்பாற்றினார். காப்பாற்றியதற்காகப் பின்னால் வருத்தப்பட்டார் என்பதும் எனக்குத் தெரியும்.

வருத்தப்படக் காரணம் ஹாக்கி. தோட்டத்துப் பையன்கள் காட்டுக்குள் ஓடிவிடாமல் இருக்க வேண்டுமானால் அவர்களை மைதானத்தில் ஓடவிட வேண்டும் என்று துரைமார்கள் கிளப்பில் உட்கார்ந்து கண்டுபிடித்தார்கள். தோட்டங்களுக்கு இடையே பையன்கள் ஹாக்கிப் போட்டி, வெள்ளிக் கோப்பை, வெள்ளைச் சட்டை. எங்கள் அணிக்குப் பொறுப்பாளர் வேண்டும் என்றதும் துரை கையை நீட்டி, "அந்த மரியாதை மண்டோர்" என்றார். அன்று சலாம் வைக்கும் நாள். எங்கள் விதி அப்படி.

ஒண்ணுவிட்ட மண்டோருக்கு ஹாக்கி தெரியாது. பந்தை எந்தப் பக்கம் அடித்தால் கோல் என்பதையே ஒருநாள் விட்டு ஒருநாள்தான் ஞாபகம் வைத்திருந்தார். ஆனால் ஆட்ட விதியை ஒருவர் படித்துச் சொன்னபோது ஒரு விஷயம் அவருக்கு நெஞ்சில் முள்ளாகத் தைத்துவிட்டது. அந்தக் காலத்து ஹாக்கியில் ஆள் மாற்றுவது கிடையாது. இறங்கிய பதினோரு பேர்தான் கடைசிவரை ஆட வேண்டும். கால் உடைந்தாலும் பதிலுக்கு ஒருவன் இறங்க முடியாது.

"அப்ப மிச்சப் பையனுங்க?" என்று கேட்டார்.

"வெளிய உக்காந்து பாப்பானுங்க" என்றார் பெரிய கிராணி.

"எம்புட்டு நாளைக்கு?"

"எப்பவும்தான்யா."

"வெட்டவே போறதில்லன்னா மரத்த எதுக்குங்க நடணும்?" என்றார் ஒண்ணுவிட்ட மண்டோர். அன்றிலிருந்து எங்கள் அணிக்குச் சனியன் பிடித்தது.

அவருடைய சட்டம் எளிமையானது. ஒவ்வொரு இடத்துக்கும் இரண்டு பையன்கள். ஒருவன் முதல் பாதி, ஒருவன் இரண்டாம் பாதி. நன்றாக ஆடுகிறவன், ஆடத் தெரியாதவன் என்ற பேச்சே கிடையாது. இடைவேளையில் பால் ஸ்டோருக்குப் பின்னால் சட்டைகள் கைமாறும். ஒருவனுடைய வியர்வை காயும் முன்பே அதற்குள் அடுத்தவன் நுழைந்துவிடுவான். எல்லாருக்கும் ஒரே நாளில், ஒரே நாவிதரிடம், ஒரே மாதிரி ஒட்ட முடி வெட்டிவிட்டார். சில நாள் இடைவேளைவரை பொறுக்க மாட்டார். பந்து மைதானத்தைத் தாண்டி ரப்பர் மரங்களுக்குள் உருண்டு போகும். எடுக்க ஓடுகிறவன் ஒருவன், எடுத்துக்கொண்டு வருகிறவன் இன்னொருவன். ஒருமுறை போனவன் நெட்டை, வந்தவன் குட்டை. நடுவராக நின்ற எங்கள் துரை, "குட், ராமசாமி" என்று விசிலை ஊதினார்.

எதிர் அணிக்காரர்கள் சந்தேகப்பட்டு யாரைப் பெயர் கேட்டாலும் எங்கள் பதில் ஒன்றுதான். ராமசாமி. கோல் கீப்பரும் ராமசாமி, லெஃப்ட் அவுட்டும் ராமசாமி. உண்மையில் எங்கள் அணியில் மருந்துக்குக்கூட ஒரு ராமசாமி கிடையாது. துரை வைத்த பெயரையே அவருக்குத் திருப்பிக் கொடுத்தோம்.

பெரிய கிராணிக்குப் பொறுக்கவில்லை. அவர் மகன் கோபாலும் அணியில் இருந்தான். மகன் பாதி ஆட்டத்தில் சட்டையைக் கழற்றிக்கொண்டு வருவதைப் பார்த்து அவர் ஒருநாள் மைதானத்துக்கே வந்துவிட்டார்.

"யோவ், எம் மவன் முழுசா ஆடணும். தெரியுதா?"

"ஏங்க கிராணியாரே, உங்க மவன வெட்டுனா மட்டும் தங்கப் பாலாங்க கொட்டுது? எல்லாப் பயலுக்கும் வெள்ளப் பால்தான். உக்காருங்க."

பெரிய கிராணியை உட்காரச் சொன்ன முதல் மண்டோர் அவர்தான். எனக்குப் பரம சந்தோஷம். அந்தச் சந்தோஷம் என் முறை வரும்வரைதான் நீடித்தது.

ஏனென்றால் நான்தான் எங்கள் அணியின் சென்டர் ஃபார்வர்ட். தற்பெருமை இல்லை. என்னைப்போல் ஹாக்கி ஆடியவன் அந்த வட்டாரத்தில் கிடையாது, அவ்வளவுதான். மட்டையில் பந்து ஒட்டிக்கொள்ளும். என்னோடு இடம் பங்குபோட வந்தவன் சின்னையா. நல்ல பையன். பந்து இடப்பக்கம் வந்தால் வலப்பக்கம் அடிப்பான். அடி பந்தில் விழாது. யாருடைய முழங்காலிலாவது விழும். அவன் ஆடும் பாதியில் எதிர் அணிக்காரர்களைவிட எங்கள் ஆட்கள்தான் அதிகமாக நொண்டினார்கள். நான் முதல் பாதியில் சேர்த்து வைப்பதை அவன் இரண்டாம் பாதியில் செலவழிப்பான். இந்த லட்சணத்தில் நாங்கள் எப்படி இறுதி ஆட்டம்வரை போனோம் என்பது எனக்கு இன்னும் விளங்காத சங்கதி. மற்றத் தோட்டத்துப் பையன்கள் ஆட்டத்தின் கடைசியில் களைத்துப்போயிருந்ததும், எங்கள் ஆட்கள் பாதி நேரம் படுத்துத் தூங்கிவிட்டு வந்ததும் ஒரு காரணமாக இருக்கலாம்.

இறுதி ஆட்டம் எங்கள் மைதானத்திலேயே. எதிரே சுங்கை ரம்பாய் பக்கத்துத் தோட்டம். அன்றைக்கு மலாக்கா டவுனிலிருந்து ஓர் ஆங்கிலப் பள்ளியின் விளையாட்டு மாஸ்டர் வரப்போகிறார் என்று சேதி வந்தது. தமிழர். நன்றாக ஆடும் ஒரு பையனைத் தேர்ந்தெடுத்துப் பள்ளி விடுதியிலேயே தங்கவைத்து, சோறு போட்டு, பள்ளிக் கட்டணம் இல்லாமல் படிக்கவைப்பாராம். எனக்கு அது ஹாக்கிச் சேதியாகவே கேட்கவில்லை. கேட் திறக்கிற சத்தமாகக் கேட்டது. தமிழ்ப் பள்ளியை முடித்துவிட்டு அப்பாவின் பால் வாளியைத் தூக்கிக்கொண்டிருந்தவன் நான். இந்த ஆட்டம் போனால் எனக்கும் ஒரு வெட்டுக் கத்தி கொடுத்துவிடுவார்கள்.

முந்தின நாளே மண்டோரிடம் போய் நின்றேன்.

"மாமா, நாளைக்கு மட்டும் ரெண்டு பாதியும் நான் ஆடுறேன் மாமா."

"ஏன்டா?"

"டவுன் மாஸ்டர் வர்றாரு. என்னயப் பாக்கணும்."

"அப்ப சின்னையாவ யாரு பாக்கிறது?"

"அவன் என்னத்த ஆடுறான்? பந்தே அவனுக்குத் தெரியல!"

"பால் கொட்டுதேன்னு தெனமும் வெட்டுனா மரம் என்னாவும் முத்து? நீயே சொல்லு."

"நான் மரம் இல்ல மாமா!"

"அதான் எனக்கும் வருத்தம். மரமா இருந்தா பேசாம இருந்திருப்பே. போய்ப் படு" என்றார். அவரை அன்று நான் மனதுக்குள் திட்டிய வார்த்தைகளை இந்தப் பத்திரிகையில் போட மாட்டார்கள்.

ஆட்டம் தொடங்கியது. முதல் பாதியில் நான் பேய் பிடித்தவனாக ஆடினேன். இரண்டு கோல். மேசைக்குப் பின்னால் உட்கார்ந்திருந்த டவுன் மாஸ்டர் இரண்டாவது கோலுக்கு எழுந்து நின்றே கைதட்டினார். இடைவேளையில் ஸ்டோருக்குப் பின்னால் மண்டோர் கையை நீட்டினார். நான் சட்டையைக் கழற்றவில்லை. அவரும் கையை மடக்கவில்லை. கடைசியில் சின்னையாவே, "நான் வேணா ஆடல மாமா" என்றான். "நீ வாய மூடுடா, ஒன் பாதிய வேணாங்கிறதுக்கு நீ யாரு?" என்று அவனையும் அதட்டினார். நான் சட்டையைக் கழற்றி அவர் முகத்தில் எறிந்தேன். அவர் அதை உதறிச் சின்னையாவிடம் கொடுத்தார்.

இரண்டாம் பாதியைப் பற்றிச் சொல்ல எனக்குத் தெம்பில்லை. சுங்கை ரம்பாய்க்காரர்கள் ஒன்று போட்டார்கள், இன்னொன்று போட்டார்கள். மூன்றாவதைச் சின்னையாவே போட்டுக் கொடுத்தான், எங்கள் கோலுக்குள். கடைசி விசில் ஊதியது. தோற்றோம்.

இத்தோடு போயிருந்தால் பரவாயில்லை. ஜெயித்தும் மனம் ஆறாத ஒரு ஜென்மம் அங்கே இருந்தது. எதிர்த் தோட்டத்துப் பெரிய கிராணி. அவர் நேரே துரையிடம் ஓடினார்.

"சார், ஆள் மாறாட்டம் சார்! ஃபர்ஸ்ட் ஹாஃப் ஆடுன சென்டர் ஃபார்வர்ட் வேற. அவன் ஒசரம், இவன் கட்டை!"

துரை சின்னையாவை ஏற இறங்கப் பார்த்தார்.

"ஓடி ஓடித் தேஞ்சுட்டான் தொரை" என்றார் ஒண்ணுவிட்ட மண்டோர்.

"நீ பேரு என்னா?" என்று துரை தன்னுடைய தோட்டத் தமிழில் கேட்டார்.

"ரா... ராமசாமி தொரை."

காவலுக்கு நின்ற மாத்தா ஒருவன் இதற்குள் பக்கத்தில் வந்துவிட்டான். அவசரகாலத்தில் பெயரை மாற்றிச் சொல்வது விளையாட்டுக் குற்றம் இல்லை. பன்னிரண்டு வயதைத் தாண்டியவன் எல்லாம் படம் ஒட்டிய ஐ.சி. கார்டு வைத்திருக்க வேண்டிய காலம். ஆட்டத்தில் தொலைந்துவிடக் கூடாது என்று எங்கள் கார்டுகளை எல்லாம் வாங்கி ஒரு பிஸ்கட் டின்னில் போட்டு, அந்த டின்மேலேயே மண்டோர் உட்கார்ந்திருப்பார். டின்னைத் திறந்தால் அத்தனை பெயரும் வெளியே வரும், ராமசாமியைத் தவிர. பையன்களுக்குப் பொய்ப் பெயர் சொல்லிக்கொடுத்தவர் என்று ஒரு வார்த்தை போதும். விசாரணை இல்லாமல் உள்ளே போடலாம். கப்பலேற்றி இந்தியாவுக்கே அனுப்பலாம். அனுப்பிக்கொண்டும் இருந்தார்கள்.

"காட் மானா?" என்று, கார்டு எங்கே என்பதை மலாயில் அதட்டிக் கேட்டு, மாத்தா மண்டோரின் தோளைப் பிடித்துத் தூக்கினான்.

சரியாக அந்த நேரம் பார்த்து டவுன் மாஸ்டர் சிரித்த முகத்தோடு வந்து சேர்ந்தார்.

"அந்த ரெண்டு கோல் போட்ட பையன் யாரு? அவன நான் கூட்டிக்கிட்டுப் போறேன். இங்கிலீஷ் ஸ்கூல்ல சேத்துடலாம்."

நான் ஸ்டோர் ஓரத்தில் வெற்று உடம்போடு நின்றேன். 'நான்தான்' என்று ஒரே ஒரு சொல். அதற்குத்தானே அத்தனை நாள் ஓடினேன்? மண்டோர் என்னைப் பார்த்தார். பிறகு மாத்தாவின் பிடியிலிருந்தபடியே துரையின் பக்கம் திரும்பினார்.

"தொரை, உள்ளதச் சொல்லிடுறேன். அந்த ரெண்டு கோலு..."

"இவன்தான் தொரை!" என்று நான் கத்தினேன். சின்னையாவின் தோளைப் பிடித்து முன்னால் தள்ளினேன். "இந்த ராமசாமிதான் போட்டான்."

ஏன் அப்படிச் செய்தேன்? காலையில்கூட அந்த மனிதரை மனதுக்குள் கப்பலேற்றிக்கொண்டிருந்தவன் நான். நிஜமாகவே ஒருவன் அவர் தோளில் கை வைத்ததும் என்னால் தாங்க முடியவில்லை.

எதிர்த் தோட்டத்துக் கிராணி விடுவதாக இல்லை. "டின்னத் தொறக்கச் சொல்லுங்க சார்!" என்று குதித்தார். துரை எங்கள் முகங்களை ஒவ்வொன்றாகப் பார்த்தார். அவர் கண்ணில் எங்களுக்குப் பழக்கமில்லாத ஒன்று தெரிந்தது. பயம். டின்னைத் திறந்தால் எங்கள் பெயர் தெரிந்துவிடும். இத்தனை வருஷம் அவருக்கு எங்களில் ஒருவன் பெயரும் தெரியாது என்பதும் அத்தனை பேர் முன்னால் தெரிந்துவிடும்.

"என் தோட்டத்து ஆளு எனக்குத் தெரியும்!" என்று துரை உறுமினார். "ஒவ்வொரு ஆளும் தெரியும். அதே பையன்!"

மாத்தா கையை எடுத்தான். டின் திறக்கப்படவில்லை. ராமசாமி என்ற சின்னையா மறுவாரம் மலாக்காவுக்குப் பஸ் ஏறினான். போகும்போது அழுதான். நானும் அழுதேன், வேறு காரணத்துக்காக. அங்கே போனதும் அவனுக்குக் கண் பரிசோதித்துக் கண்ணாடி போட்டார்கள். அதுவரை அவன் ஹாக்கிப் பந்தைக் கண்ணால் பார்த்ததே இல்லை என்பது அப்போதுதான் தெரிந்தது.

நான் மண்டோரோடு பேச்சை நிறுத்தினேன். அவரும் சமாதானம் சொல்ல வரவில்லை. ஹாக்கிப் பயிற்சி நின்றுபோயிற்று. பாலை எடைபோட்டு முடித்ததும் மனிதர் கேட்டைத் தாண்டி எங்கோ போய்விடுவார். ஊரடங்குக்குச் சற்று முன்னால் ஓட்டமும் நடையுமாகத் திரும்பி வருவார். கேட்டு மாத்தாக்கள் அவருடைய வேட்டி மடிப்புவரை உதறிப் பார்ப்பார்கள். அவமானத்தில் முகத்தை ஒளித்துக்கொண்டு திரிகிறார் என்று நான் நினைத்துக்கொண்டேன். நன்றாகத் திரியட்டும் என்றும் நினைத்தேன்.

ஒருநாள் எங்கள் வீட்டு வாசலில் வந்து நின்றார்.

"முத்து, கிழியாத சட்ட ஒண்ணு இருக்கா?"

"எதுக்கு?"

"போட்டுக்கிறதுக்குத்தான். நாளைக்கு மலாக்கா போறோம்."

மறுநாள் பஸ்ஸில் அவர் பக்கத்தில் உட்கார்ந்தபோது ஒன்று கண்ணில் பட்டது. முகம் வழவழவென்று இருந்தது. முந்தின நாளும் அப்படித்தான் இருந்தது. அப்படியானால் அன்று கணக்குப்படி சவரம் செய்யக் கூடாத நாள். கேட்டதற்கு, "மூஞ்சி என்னுது, நீ ரோட்டப் பாரு" என்றார்.

பள்ளிக்கூடத்தில் டவுன் மாஸ்டர் என்னைப் பார்த்ததும் தலையில் கைவைத்துக்கொண்டு சிரித்தார். மண்டோர் உள்ளே வரவில்லை. வெளியே ஒரு மரத்தடியில், பழக்கதோஷத்தில் அதன் பட்டையைத் தடவிப் பார்த்துக்கொண்டு நின்றார்.

"நீதானா அந்த இன்னொரு ராமசாமி? அப்பப்பா, இந்த மனுசன்கிட்ட என்னால முடியல" என்றார் மாஸ்டர். "ஒரு கட்டில்தான் இருக்குன்னு சொன்னேன். ரெண்டு பயலும் தலமாடு கால்மாடாப் படுக்கட்டும்ன்னாரு. ஒரு ஆளுக்குத்தான் சோறுன்னேன். ஒருநாள் விட்டு ஒருநாள் சாப்புடட்டும்ன்னாரு. பேரு தெரிஞ்சா ஒங்களப் புடிச்சு உள்ள போட்டுடுவாங்கய்யான்னேன். போடட்டும், அவன் பாதிய அவனுக்குக் குடுங்கன்னாரு. எத்தன தடவதான் இல்லன்னு சொல்றது? சரி, ரெண்டு பேரும் இருங்கன்னுட்டேன்."

"ஒருநாள் விட்டு ஒருநாள் வந்து உங்களத் தொந்தரவு பண்ணியிருப்பாரு சார். அவரு வழக்கமே அப்படித்தான்" என்றேன்.

"யாரு சொன்னது? தெனமும் வந்தாருப்பா. ஞாயித்துக்கெழம ஸ்கூல் இல்லன்னு நிம்மதியா இருந்தேன், வீட்டு வாசல்ல வந்து நிக்கிறாரு. ஒனக்கு அவரு என்ன ஒறவு? சித்தப்பாவா?"

நான் ஜன்னல் வழியாக அந்த மரத்தடியைப் பார்த்தேன். சித்தப்பா இல்லை, மாமா இல்லை, ஒன்றுவிட்ட உறவுகூட இல்லை. எனக்காக அந்த மனிதர் ஒருநாளைக்கூட விடவில்லை.